ஏட்டின் உரிமையும் திகதியும்: ஊவாத் தோட்டப் பதிவேடுகள் முதல் கணினிக் கோப்புகள் வரை

ஒரு பதிவேடு என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன்னரே, அது யாருடைய கையில் இருந்தது, அதிலுள்ள வரி எந்தத் திகதியில் எழுதப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். அவை தெரியாத பதிவை நீதிமன்றமும் எளிதில் ஏற்பதில்லை, வரலாற்றாசிரியரும் நம்புவதில்லை. இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு இவை அறிஞர்களிடம் விட்டுவிடக்கூடிய கேள்விகளாக இருக்கவில்லை. ஒருவர் அந்த நாட்டின் பிரஜையா அல்லவா என்பதையே ஏட்டின் உரிமையும் திகதியும் தீர்மானித்த காலம் ஒன்று அங்கே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கணினி இயங்குதளங்களை, அதாவது கணினியின் வன்பொருளையும் அதில் ஓடும் நிரல்களையும் ஆளும் அடிப்படை மென்பொருளை, வடிவமைத்தவர்களும் இதே கேள்விகளை எதிர்கொண்டு, கோப்பின் உரிமையாளரை யார் மாற்றலாம், அதன் திகதியை யார் மாற்றலாம் என்பதற்குத் தரநிலை வகுத்தனர். தோட்டத்து ஏடுகளின் வரலாற்றை அந்தத் தரநிலையோடு சேர்த்து வாசிக்கும்போது அநீதியின் அமைப்பு துலங்குகிறது: பதிவை எழுதுவதும், அதைப் பூட்டி வைப்பதும், அதற்குத் திகதி இடுவதும், அது உண்மை என்று சான்று கூறுவதும் ஒரே அலுவலகத்தின் உரிமைகளாக இருந்தன.

ஊவாவில் இந்த வரலாறு மனிதர்களைப் பற்றிய பதிவோடு அல்லாமல் நிலத்தைப் பற்றிய பதிவோடு தொடங்குகிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆளற்ற நிலமும் மாற்றாக நிறுவப்படும்வரை முடிக்கே உரியவை என்று கொள்ள வேண்டும் என விதித்தது. கண்டிய மாகாணங்களில் சேனை நிலங்களுக்கு, அதாவது காட்டை வெட்டிச் சுழற்சி முறையில் பயிரிடும் நிலங்களுக்கு, சன்னாஸ் எனப்படும் அரசப் பட்டயமோ வரி செலுத்திய சான்றோ காட்டினாலன்றி உரிமை இல்லை என்றும் அது வகுத்தது. தலைமுறைகளாகச் சேனை செய்த சிங்களக் கிராமத்தவர்களில் பெரும்பாலாரிடம் அத்தகைய எழுத்து இருக்கவில்லை. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டம், அறிவித்தல் வெளியான பின் குறித்த காலத்துக்குள் உரிமை கோராதவர் அதை இழப்பார் என்று மேலும் ஒரு படி சென்றது. ஆகவே திகதியிட்ட சான்று இல்லாதவர் வெளியே நிற்க வேண்டும் என்னும் விதியை ஊவாவில் முதலில் அனுபவித்தவர்கள் அங்குள்ள கிராமத்தவர்கள். தோட்டத் தமிழர்கள் அதே விதியைப் பின்னர் வேறொரு வாசலில் சந்தித்தார்கள்.

அவ்வாறு முடியின் பெயருக்கு வந்த நிலம் கோப்பிப் பயிர்ச்செய்கைக்கு விற்கப்பட்டது. கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாக 1869இல் பதிவானதும் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே. கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை எழுந்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டு, பதுளை அதன் தலைநகரானது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் மலைநாட்டுப் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலிஎல, பண்டாரவளை, கொஸ்லந்தை என்று பரந்த இத்தோட்டங்களுக்கு ஆட்களைத் தென்னிந்தியாவிலிருந்து திரட்டி வந்தவர்கள் கங்காணிகள். ஒரு பெரிய கங்காணியின் கீழ் பல சில்லறைக் கங்காணிகளும், அவர்களின் கீழ் உறவும் ஊரும் சேர்ந்த ஆட்களும் இருந்தனர்.

தோட்டத்தின் அடிப்படை ஏடு செக்ரோல். விடியுமுன் தப்பு ஒலித்ததும் தொழிலாளர்கள் பிரட்டுக்களத்தில் கூடுவர். பிரட்டு என்பது ஆட்களை எண்ணி அன்றைய வேலைக்குப் பிரித்தனுப்பும் காலை அணிவகுப்பு. அன்று வேலை செய்தவர்களுக்குக் கணக்கப்பிள்ளை தம் கைக்குறிப்பில் பேர் போட, அது மாலையில் தோட்டக் காரியாலயத்தின் பெரிய செக்ரோலுக்கு ஏற்றப்படும். நிரைதோறும் ஓர் ஆளின் பெயரும், நிரல்தோறும் மாதத்தின் ஒவ்வொரு நாளும், ஓரத்தில் அரிசி, கம்பளி, முற்பணம் முதலிய கழிவுகளும் அதில் எழுதப்பட்டன. குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு அரைப் பேர் விழுந்தது. பேர் விழாத நாளுக்குக் கூலி இல்லை. வேலை செய்த உடம்பு தொழிலாளருடையது, அந்த நாள் நடந்ததா இல்லையா என்று சொல்லும் எழுத்து மற்றவருடையது என்னும் பிளவு இங்கே முழுமையாக நிலைபெற்றது. தொழிலாளர் பெரும்பாலும் எழுத்தறியாதவர், ஏடு ஆங்கிலத்தில் இருந்தது, அது பூட்டப்பட்ட பேழை காரியாலயத்தில் இருந்தது. பெயரின் எழுத்துக்கூட்டலும் எழுதுபவர் காதில் விழுந்தவாறே அமைந்ததால், ஒரே ஆள் ஒரு தோட்டத்தில் ராமசாமி, அடுத்த தோட்டத்தில் ராமன், மூன்றாவதில் தந்தையின் பெயரும் சேர்ந்த இன்னொருவர் என்று பதிவாக இடமிருந்தது. அன்றைய சம்பளத்துக்கு இந்த வேறுபாடு தடையாக இருக்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து அதுவே பெருந்தடையாயிற்று.

செக்ரோலைவிடவும் கொடிய ஏடு ஒன்று இருந்தது. அது ஒரு சிறு காகிதம். துண்டு என்று தோட்டங்களில் வழங்கப்பட்ட அந்தச் சீட்டில், இன்ன கங்காணியும் அவருடைய ஆட்களும் இவ்வளவு கடனைச் செலுத்தினால் விடுவிக்கப்படுவர் என்று தோட்டத்துரை, அதாவது தோட்ட அத்தியட்சகர், எழுதிக் கையொப்பமிடுவார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போக, அங்குள்ள துரை அந்தத் தொகையைக் கொடுத்து ஆட்களைப் பெற்றுக்கொள்வார். கடன் புதிய தோட்டத்தின் கணக்கில் ஏறி, ஆட்களின் தலைமேல் தொடர்ந்து நின்றது. கங்காணி பல துரைமாரிடம் துண்டைக் காட்டித் தொகையை ஏற்றிக்கொள்வதும் நடந்தமையால், ஆட்கள் நகர நகரக் கடன் குறையாமல் வளர்ந்தது. இந்தக் காகிதம் கைமாறும்போது கைமாறியவை நூற்றுக்கணக்கான மனிதர்களின் உழைப்பும் அவர்கள் வாங்காத கடனும் ஆகும். அதில் அவர்களுடைய ஒப்பம் ஒரு மூலையிலும் இல்லை. அடிமை முறை என்று பெயரிடப்படாமலே மனிதரின் உரிமையாளரை மாற்றும் கருவியாக அது விளங்கிற்று என்று சொல்வது மிகையாகாது. இந்திய அரசின் அழுத்தமும் சீர்திருத்தக்காரர்களின் முயற்சியும் சேர்ந்து, 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

இதற்கு முன்பே, 1901இல், தகர வில்லை முறை வந்திருந்தது. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த அந்த வில்லையைக் கழுத்திலே கோத்துக்கொண்ட ஆள், வழியில் காசு கொடுக்காமலே தோட்டம்வரை அனுப்பப்பட்டார். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையகம் அமைந்தபின் ஆட்சேர்ப்புக் கணக்குகள் மேலும் ஒழுங்கடைந்தன. இவ்வாறு தொழிலாளரைப் பற்றிய எழுத்து ஆண்டுக்கு ஆண்டு பெருகிற்று. ஆனால் தொழிலாளர் தம் கையில் வைத்துக்கொள்ளத்தக்க எழுத்து பெருகவில்லை. வேலையிலிருந்து நீக்கும் பற்றுச்சீட்டு ஒன்றுதான் பலருக்குத் தோட்டம் கொடுத்த ஒரே காகிதம். பிறப்பு, இறப்புப் பதிவிலும் தோட்டத்துக்கெனத் தனி வழி இருந்தது: கிராமத்தவர் நேரே பதிவாளரிடம் செல்ல, தோட்டத்துப் பிறப்பும் இறப்பும் துரை வழியாக அரசுக்கு அறிவிக்கப்பட்டன. குழந்தை பிறந்த செய்தியும் தோட்டத்தின் எழுத்தாகவே அரசின் ஏட்டை அடைந்தது.

பிறப்புப் பதிவில் இரண்டு திகதிகள் உண்டு என்பதை இங்கே கவனித்தல் வேண்டும். ஒன்று குழந்தை பிறந்த திகதி. அது அறிவிப்பவர் சொல்லக் கேட்டு எழுதப்படுவது. மற்றது பதிவு செய்த திகதி. அது பதிவாளரின் செயலோடு தானே பிறப்பது, யாரும் சொல்லி எழுதுவதன்று. இரண்டுக்கும் இடைவெளி சிலநாளாயின் முதல் திகதியை யாரும் ஐயுறுவதில்லை. இடைவெளி பல்லாண்டாயின், காலந்தாழ்த்திய பதிவு என்று அது ஆராயப்படுகிறது. பதிவே கிடையாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. பெயரே சொல்வதுபோல அதில் உள்ளது பார்வையால் மதிப்பிட்ட வயது. தோட்டங்களில் வளர்ந்த எத்தனையோ முதியோரின் வாழ்க்கை இந்த உத்தேசத்தின்மேல்தான் எழுதப்பட்டுள்ளது.

1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், அந்நாளுக்கு முன் நாட்டில் பிறந்த ஒருவர் வழிவழிப் பிரஜையாக வேண்டுமாயின், தந்தையாவது, அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் ஆகிய இருவராவது இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது. தந்தையின் பிறப்புக்கு எழுத்துச் சான்று கேட்பது, பிறப்புப் பதிவு முறையாக நடவாத ஒரு தலைமுறையிடம் இல்லாத பொருளைக் கேட்பதாகும். இதே குறை கிராமத்தவரிலும் பலருக்கு இருந்தது. எனினும் அவர்களிடம் அந்தச் சான்றை யாரும் கேட்கவில்லை. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் வதிவுப் பிரஜாவுரிமைச் சட்டம் திகதிகளாலேயே கட்டப்பட்டது: திருமணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய 7 ஆண்டுகளும், மணமாகாதவர் முந்திய 10 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வதிந்திருக்க வேண்டும், 12 மாதங்களுக்கு மேற்பட்ட பிரிவு அந்தத் தொடர்ச்சியை அறுக்கும், விண்ணப்பம் 1951 ஆகஸ்ட் 5க்குள் சேர வேண்டும். அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமை பிரஜைகளுக்கு மட்டும் என்றானது. 1947 பொதுத் தேர்தலில் 7 இடங்களை வென்றிருந்த இலங்கை இந்தியக் காங்கிரசின் வாக்காளர்களில் பெரும்பாலார் அடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பிலேயே இருக்கவில்லை. இதனை எதிர்த்த கோடாக்கன் பிள்ளை வழக்கை 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தள்ளிற்று.

ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காகச் செய்யப்பட்டன. ஒரு கொழுந்துப் பறிப்பவர் 1939 முதல் தாம் பசறையிலோ மடுல்சீமையிலோ இருந்தார் என்பதை எதைக் கொண்டு நிறுவுவார்? நிலவரிப் பற்றுச்சீட்டு இல்லை, வீட்டு உறுதி இல்லை, பள்ளிச் சான்றிதழ் அரிது. மாதந்தோறும் நாள்தோறும் அவர் பேர் விழுந்த செக்ரோல் மட்டுமே அவருடைய வதிவுக்குச் சரியான சாட்சி, அதுவோ அவருடையதன்று. தோட்டம் எழுதித் தந்தால் உண்டு, பழைய ஏடு கறையானுக்கோ அடுப்புக்கோ போய்விட்டது என்றால் இல்லை. ஏடு கிடைத்தாலும், அதிலுள்ள ராமனும் விண்ணப்பத்திலுள்ள ராமசாமியும் ஒருவரே என்பதை விசாரணை அலுவலருக்கு எப்படிக் காட்டுவது? சொந்த ஊருக்குத் திருமணத்துக்கோ சாவுக்கோ போய்த் திரும்பிய பயணத்தின் திகதியோ தெளிவாக இருந்தது, ஏனெனில் அது இலங்கைப் பயணிகள் கடந்து சென்ற மண்டப முகாமின் அரசு ஏட்டில் இருந்தது. இருப்பை நிறுவும் ஏடு தனியாரின் பேழையில், இல்லாமையை நிறுவும் ஏடு அரசின் கையில் என்ற இந்த நிலையே விண்ணப்பதாரரைத் தோற்கடித்தது. சிறு முரண்பாடுகளைக் காட்டிப் பெருந்தொகையான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. முடிவில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 134,000 பேர் மட்டுமே.

எஞ்சியவர்களை நாடற்றவர் என்று இலங்கை, இந்திய அரசுகள் இரண்டும் எண்ணிக்கையாகப் பிரித்துக்கொண்டன. 1964 ஒக்டோபர் 30இல் கையொப்பமான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கிற்று. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். குடும்ப அட்டை பெற்றுக்கொண்டு இந்தியாவில் வந்திறங்கியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் 1968இல் தொடங்கிய தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். போரினால் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பல் நின்றபின் இந்தியக் கடவுச்சீட்டோடு தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்களின் நிலை மேலும் சிக்கலானது. 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் அச்சிக்கலை ஓரளவு அவிழ்த்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கிற்று. ஒப்பந்தத்தின் திகதியே உரிமையின் திகதியாக மாற்றப்பட்டமை, தாமதமாக வந்தாலும் நேர்மையான தீர்வு என்றே கூற வேண்டும். ஏனெனில் அது முப்பாட்டன் பிறந்த ஆண்டைக் கேட்கவில்லை.

இவ்வொப்பந்தங்கள் நிறைவேறிக்கொண்டிருந்த காலத்திலேயே, உலகின் மறுகோடியில், பதிவின் உரிமையும் திகதியும் வேறொரு வடிவில் ஆராயப்பட்டுக்கொண்டிருந்தன. 1969 தொடக்கம் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸ் என்னும் இயங்குதளம், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்துவதற்கானது. ஆகவே ஒவ்வொரு கோப்பும் யாருடையது என்று அது அறிந்திருக்க வேண்டியதாயிற்று. யுனிக்சில் கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்திலும், அக்கோப்பைப் பற்றிய குறிப்புகள் ஐநோட் எனப்படும் தனிப் பதிவிலும் வைக்கப்படுகின்றன. உரிமையாளரின் எண், குழுவின் எண், யார் படிக்கலாம் எழுதலாம் என்ற அனுமதிகள், மூன்று நேரங்கள் ஆகியன ஐநோட்டில் அடங்கும். முதல் நேரம் கோப்பு இறுதியாகப் படிக்கப்பட்டது எப்போது என்பதையும், இரண்டாவது அதன் உள்ளடக்கம் இறுதியாக மாறியது எப்போது என்பதையும், மூன்றாவது ஐநோட்டின் குறிப்புகள் இறுதியாக மாறியது எப்போது என்பதையும் கூறும். நேரம் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளாக எண்ணப்படுகிறது.

இம்மூன்றில் முதலிரண்டையும் உரிமையாளர் தாம் விரும்பியவாறு திருத்தலாம். பழைய ஆவணத்தைப் புதிய கணினிக்கு மாற்றும்போது அதன் பழைய நேரத்தை மீட்டெழுத இது தேவைப்படுகிறது. மூன்றாவது நேரத்தைத் திருத்த இயங்குதளம் எந்தக் கட்டளையும் தருவதில்லை. மேலும், ஒருவர் முதலிரண்டைத் திருத்தினால் அந்தத் திருத்தம் நிகழ்ந்த கணம் மூன்றாவதில் தானே விழுந்துவிடும். பிறப்புப் பதிவில் பிறந்த திகதிக்கும் பதிந்த திகதிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முதலாவது ஒருவர் கூறும் செய்தி, இரண்டாவது ஏடு தன்னைப் பற்றித் தானே கூறும் செய்தி. இரண்டையும் ஒருங்கே வைத்திருக்கும் ஏட்டில் பொய் எழுதப்படலாமே தவிர, அது எழுதப்பட்ட காலத்தை எளிதில் மறைக்க முடியாது. செக்ரோலில் இந்த இரண்டாவது திகதி இருக்கவில்லை. மார்ச் மாதத்து நிரலை மே மாதத்தில் திருத்தினாலும் அது மார்ச் நிரலாகவே நிற்கும்.

உரிமையாளரை மாற்றும் கட்டளையின் வரலாறு இன்னும் கூர்மையானது. பெல் ஆய்வுக்கூடத்தின் உரிமை நிறுவனமான ஏடி அண்ட் டி விற்ற சிஸ்டம் ஃபைவ் வகை யுனிக்சில், கோப்பின் உரிமையாளர் அதைத் தாமே பிறர் பெயருக்கு எழுதிவிட முடிந்தது. பேர்க்லிப் பல்கலைக்கழகம் வளர்த்த வகையிலோ கணினியின் நிர்வாகியைத் தவிர வேறெவரும் அதைச் செய்ய முடியவில்லை. பேர்க்லியின் கட்டுப்பாட்டுக்குக் காரணம் வட்டு ஒதுக்கீடு: ஒவ்வொரு பயனருக்கும் இவ்வளவு இடம் என்று வரையறுத்த கணினியில், ஒருவர் தம் பெரிய கோப்புகளைப் பிறர் பெயருக்கு மாற்றிவிட்டால், இடம் அவருக்கு, கணக்கு மற்றவருக்கு என்றாகிவிடும். பெற்றுக்கொண்டவர் கேட்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை. துண்டு முறையில் நடந்ததும் இதன் சாயலிலேயே. உரிமை மாற்றத்தின் வழியே கடன் ஒருவரிடமிருந்து இன்னொருவர் தலைக்கு ஏற, தலைக்குரியவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. மனிதர் பட்ட துயரத்தையும் வட்டில் நிரம்பிய இடத்தையும் ஒன்றாக எடைபோட முடியாது. ஆயினும் இரண்டிலும் தவறு நுழைந்த வாசல் ஒன்று, அதை அடைக்கும் கொள்கையும் ஒன்று: ஏற்பவரின் ஒப்பம் இல்லாமல் அவர் பெயருக்கு எதையும் எழுதக்கூடாது.

பல நிறுவனங்களின் யுனிக்ஸ் வகைகள் வெவ்வேறாக நடந்துகொண்டதால், ஒன்றில் எழுதிய நிரல் மற்றொன்றிலும் ஓடுவதற்காக 1988இல் போசிக்ஸ் என்ற தரநிலை வெளியிடப்பட்டது. உரிமை மாற்றத்தில் இரு வழக்கத்தையும் அது அனுமதித்து, எந்த வழக்கம் நடப்பிலுள்ளது என்பதை இயங்குதளம் அறிவித்தால் போதும் என்றது. அமெரிக்க அரசு தன் கொள்முதலுக்கான தரநிலையில் கட்டுப்பாடுள்ள வழக்கத்தையே கேட்டது. 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் போசிக்சும் அக்கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கிற்று. உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும் சிறப்பு நிரல்களுக்கும் ஒரு காப்பு வைக்கப்பட்டது: சாதாரணப் பயனர் அத்தகைய கோப்பின் உரிமைக் குறிப்பை மாற்றினால் அதன் சிறப்பதிகாரம் நீங்கிவிட வேண்டும்.

தரநிலை எழுதப்பட்டவுடன் எல்லா இயங்குதளமும் அதற்கு இணங்கிவிடவில்லை. உரிமை மாற்றக் கட்டளை வெற்றியாக முடிந்தால் மூன்றாவது நேரம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது விதி. புதிய உரிமையாளரும் பழையவரும் ஒருவரே ஆனாலும் விதி அதுவே, உரிமையாளர், குழு இரண்டையும் மாற்ற வேண்டாம் என்று வெளிப்படையாகக் கூறிய ஓர் அழைப்புக்கு மட்டும் விலக்கு. சில இயங்குதளங்கள், எதுவும் மாறவில்லையே என்று தாமே முடிவுசெய்து, நேரத்தைப் பழையபடி விட்டன. க்னூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் க்னூலிப் என்ற நிரல்தொகுப்பு இக்குறைகளைத் தேடிப் பதிவுசெய்து திருத்துகிறது: கட்டளை முடிந்தபின் அது கோப்பின் அனுமதிகளை மாற்றமின்றி மீண்டும் ஒருமுறை எழுதி, அதன் வழியே மூன்றாவது நேரத்தை விழச் செய்கிறது. பார்ப்பதற்கு அற்பமான திருத்தம். ஆனால் காப்பு நகல் எடுக்கும் நிரலும், ஊடுருவலை ஆராய்பவரும் நம்பியிருப்பது அந்த நேரத்தையே. ஏட்டின்மேல் ஒரு செயல் நடந்தது என்றால், அது பயனற்ற செயலாயினும், நடந்தது என்ற தடம் இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தால்தான் ஏடு சாட்சியாகிறது.

திகதியைப் பற்றிப் பேசும்போது இலங்கையின் கடிகாரத்தையும் குறிப்பிட வேண்டும். 1906 முதல் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னதாக இருந்த நாட்டின் நேரம், உலகப் போர்க் காலத்தில் மாற்றப்பட்டு 1945இல் மீண்டது. மின்சார நெருக்கடியின்போது 1996 மே 25இல் ஆறரை மணியாகவும், அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் ஆறு மணியாகவும் மாறி, 2006 ஏப்ரல் 15இல் பழைய நிலைக்குத் திரும்பிற்று. அந்தப் பத்தாண்டில் பிறந்த குழந்தைகளின் சாதகத்தைக் கணிப்பவர்கள் இன்றும் பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்கிறார்கள். யுனிக்ஸ் வழி வந்த கணினிகளில் இந்தக் குழப்பம் கோப்பைத் தொடுவதில்லை, ஏனெனில் அவை உலகப் பொதுநேரத்தின் விநாடிகளையே சேமித்து, உள்ளூர் மணியை வாசிக்கும்போது மட்டும் கணிக்கின்றன.

ஊவாவின் தோட்டங்கள் 1970களின் நிலச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்று, பின்னர் நீண்டகாலக் குத்தகையில் நிலைபெற்றன. கம்பனி மாறும்போதெல்லாம் காரியாலயத்தின் பேழையும் கைமாறியது. அதில் இருந்த ஏடுகளின் உரிமையாளர் யார் என்ற கேள்வியை எவரும் எழுப்பவில்லை. தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தில் தோட்டத்தில் வசிப்பவருக்குத் தோட்ட அத்தியட்சகரே சான்றுரைக்கும் வழக்கமும் தொடர்ந்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லயன் வரிசை வீடுகளை மூடியபோது, முதல் நாட்களில் காணாமற்போனோர் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டு வெளிவந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் நாள்தோறும் பேர் போடப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தில், ஒரு காலையில் யார் யார் இருந்தார்கள் என்று உடனே சொல்லத்தக்க ஏடு இருக்கவில்லை.

இன்று கொழுந்து நிறுக்கும் மின்னணுத் தராசும் கணினிச் சம்பளப் பட்டியலும் தோட்டங்களுக்கு வந்துவிட்டன. இவற்றில் எடையைப் பதிபவர், திருத்துபவர், சான்றுரைப்பவர் ஆகியோரின் அதிகாரங்கள் பிரிக்கப்பட்டுள்ளனவா, திருத்திய நேரம் தொழிலாளர் பார்க்கத்தக்கவாறு நிற்கிறதா என்று தொழிற்சங்கங்கள் கூலி உயர்வைக் கேட்கும் அதே குரலில் கேட்க வேண்டும். எஞ்சியுள்ள பழைய செக்ரோல்களையும் பிறப்பு அறிவிப்பு ஏடுகளையும் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் வேலை தொடங்கும்போது இன்னொரு கவனமும் தேவை: படமெடுத்த கோப்புக்குக் கணினி இடும் உரிமையாளர் பெயர் படமெடுத்தவருடையதாகவும், நேரம் படமெடுத்த நாளாகவும் இருக்கும், ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கவனமின்றி நகலெடுத்தால் அவையும் மாறிவிடும். மூல ஏட்டின் தோட்டம், பிரிவு, மாதம், ஆண்டு, அது யாரிடமிருந்து பெறப்பட்டது என்பவற்றைக் கோப்பின் உள்ளேயே எழுதிவைக்காவிட்டால், 1938ஆம் ஆண்டின் செக்ரோல் நாளைய ஆய்வாளருக்கு நேற்றைய கோப்பாகத் தோன்றும்.

1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிக்கூடச் சட்டம் நாட்டின் ஆவணங்களைக் காக்க ஏற்பட்டது. பதுளை மாவட்டத் தோட்டக் காரியாலயங்களில் மிஞ்சியிருக்கும் ஏடுகளைக் கம்பனிகள் தேசிய சுவடிக்கூடத் திணைக்களத்திடம் ஒப்படைக்க வேண்டும். அவற்றில் பேர் விழுந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமக்குரிய பக்கத்தின் சான்றுபடுத்திய பிரதியைப் பதுளையிலேயே கேட்டுப் பெறுவதற்கும் வழி செய்யப்பட வேண்டும்.